சிறு ஜிடிபேஸ் புரதங்கள்: செல்சட்டகத்தையும் சவ்வுப் போக்குவரத்தையும் அவை இயக்கும் விதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு ஜிடிபேஸ்கள் என்பவை யாவை?

குவானோசின் முப்பாஸ்பேட் என்னும் மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டு, அதன் கடைசி பாஸ்பேட்டை நீராற்பகுப்பால் வெட்டி, குவானோசின் இருபாஸ்பேட்டாக மாற்றும் புரதங்களுக்கு ஜிடிபேஸ் என்று பெயர். அவற்றுள் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோடால்ட்டன் எடையுடன், துணை அலகுகள் இன்றித் தனிச் சங்கிலியாக இயங்குபவை சிறு ஜிடிபேஸ்கள். மனிதரில் இவை 150-க்கும் மேல் உள்ளன. ராஸ், ரோ, ராப், ஆர்ஃப், ரான் என ஐந்து குடும்பங்களாக இவற்றைப் பிரிப்பது வழக்கம். உயிரணுப் பெருக்கத்தை ராஸ் குடும்பமும், உயிரணுவுக்கு வடிவம் தரும் இழைப் புரதக் கட்டமைப்பான செல்சட்டகத்தை ரோ குடும்பமும், சவ்வுப் போக்குவரத்தை ராப், ஆர்ஃப் குடும்பங்களும், உட்கருவுக்குள் புரதங்கள் சென்று திரும்புவதை ரானும் கவனித்துக்கொள்கின்றன என்று சொல்வது முதல் அறிமுகத்துக்குப் போதுமானது. ஆனால் இந்தப் பங்கீடு அவ்வளவு கறாரானதன்று. குடும்பங்கள் ஒன்றன் வேலைக்குள் மற்றொன்று புகுந்து துணைநிற்கும் இடங்களில்தான் இத்துறையின் சுவையே இருக்கிறது என்பது என் கருத்து. அவற்றைக் கீழே சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரே புரதம் இரண்டு நிலைகளில் வெவ்வேறாக நடந்துகொள்வது எப்படி?

எல்லாம் ஒரே ஒரு பாஸ்பேட்டைப் பொறுத்தது. இப்புரதங்களின் மேற்பரப்பில் எளிதில் வளையக்கூடிய இரண்டு பகுதிகள் உள்ளன. அவற்றை முதல் சுவிட்ச் பகுதி, இரண்டாம் சுவிட்ச் பகுதி என்பர். முப்பாஸ்பேட் உள்ளே இருக்கும்போது அதன் மூன்றாவது பாஸ்பேட், முதல் பகுதியின் ஒரு திரியோனினையும் இரண்டாம் பகுதியின் ஒரு கிளைசீனையும் தன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. அருகிலுள்ள மக்னீசியம் அயனி அந்தப் பிடியை உறுதிப்படுத்துகிறது. பாஸ்பேட் வெட்டப்பட்டதும் பிடி விட்டுப்போக, இரு பகுதிகளும் தளர்ந்து வேறு வடிவம் கொள்கின்றன. எஃபெக்டர் எனப்படும் இலக்குப் புரதங்கள் இறுகிய வடிவத்தை மட்டுமே அடையாளம் கண்டு வந்து ஒட்டுகின்றன. ஆகவே முப்பாஸ்பேட் நிலையைச் செயல்நிலை என்றும், இருபாஸ்பேட் நிலையை ஓய்வுநிலை என்றும் சொல்கிறோம்.

இந்த மாற்றங்களைத் தம் போக்கில் விட்டால் அவை மிக மெதுவாகவே நடக்கும். ராஸ் புரதம் தானாக ஒரு முப்பாஸ்பேட்டை வெட்டப் பல நிமிடங்கள் ஆகும். வெட்டி முடித்த இருபாஸ்பேட்டை அது எளிதில் கைவிடுவதும் இல்லை. எனவே இருவகைத் துணைப் புரதங்கள் தேவைப்படுகின்றன. ஜெஃப் வகைப் புரதங்கள் மக்னீசியத்தின் இடத்தைக் கலைத்து, பிணைப்புக் குழியைத் திறந்து, இருபாஸ்பேட்டை வெளியேற்றுகின்றன. அடுத்து உள்ளே வரவேண்டியது எது என்று அவை தேர்ந்தெடுப்பதில்லை. உயிரணுவில் முப்பாஸ்பேட்டின் அளவு இருபாஸ்பேட்டைப் போலச் சுமார் 10 மடங்கு இருப்பதால் அதுவே பெரும்பாலும் உள்ளே புகுகிறது. கேப் வகைப் புரதங்கள் இதற்கு நேர்மாறான பணியைச் செய்கின்றன. ராஸ், ரோ குடும்பங்களுக்கான கேப்களில் பெரும்பாலானவை தம்முடைய ஓர் அர்ஜினின் அமினோ அமிலத்தைக் குழிக்குள் நேரே நீட்டி, வெட்டும் வினையின்போது பாஸ்பேட்டுகளில் திரளும் எதிர்மின்னூட்டத்தைச் சமன்செய்கின்றன. அந்த ஒற்றை அர்ஜினினின் வரவால் ராஸின் வெட்டும் வேகம் லட்சம் மடங்கு வரை கூடுகிறது. 1997-இல் வெளியான படிக அமைப்புகள் இந்தக் காட்சியை அணு அளவில் காட்டின.

ரோ குடும்பத்தில் இருப்பவை சுமார் 20 புரதங்கள்தாம். அவற்றுக்கு 80-ஐ ஒட்டிய ஜெஃப்களும் 70-ஐ ஒட்டிய கேப்களும் எதற்கு?

இக்கேள்விக்கான விடை பிடிபட்டால் மீதியெல்லாம் எளிதாகிவிடும். ஒரு ஜிடிபேஸ் செயல்நிலையில் இருக்கிறதா என்பதைவிட, எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எந்த இலக்குப் புரதத்தின் அருகில் செயல்நிலையில் இருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஜெஃப் புரதங்களில் வினையூக்கப் பகுதியோடு, குறிப்பிட்ட கொழுப்பு மூலக்கூறுகளைத் தேடி ஒட்டும் பகுதிகளும், ஏற்பிகளோடு இணையும் பகுதிகளும், செல்சட்டகத்தின் குழல் வடிவ இழைகளான நுண்குழல்களைப் பற்றும் பகுதிகளும் சேர்ந்தே இருக்கின்றன. உயிரணு ஒவ்வொரு இடத்துக்கும் தருணத்துக்கும் ஏற்ற ஜெஃபை வைத்திருப்பதால், அதே ரோ புரதம் ஓரிடத்தில் ஊர்தலுக்கும் மற்றோரிடத்தில் உயிரணுப் பிரிவுக்கும் பயன்படுகிறது. பிரிவின்போது எக்ட்2 என்னும் ஜெஃப் உயிரணுவின் நடுப்பகுதிச் சவ்வில் மட்டும் ரோஏ-வைத் தூண்டி, அங்கே செல்சட்டக இழைகளாக அமையும் ஆக்டினும், அவற்றை இழுக்கும் மையோசினும் கொண்ட சுருங்கு வளையம் உருவாகச் செய்வது இதற்குத் தெளிவான சான்று.

இட முக்கியத்துவத்தை நேரடியாகக் காட்டிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஓட்ஸ் செடியின் ஒளியுணர் புரதத்தின் ஒரு பகுதியை, ரோ குடும்பத்தைச் சேர்ந்த ராக்1 புரதத்தோடு இணைத்து, இருளில் அது மறைந்தும் நீல ஒளியில் வெளிப்பட்டும் செயல்படுமாறு வடிவமைத்தார்கள். உயிரணுவின் ஓர் ஓரத்தில் மட்டும் ஒளி பாய்ச்சியபோது சவ்வு அந்த ஓரத்திலேயே முன்னோக்கிப் புடைத்தது. உயிரணு எத்திசையில் நகரவேண்டும் என்பதையும் அந்த ஒளியே தீர்மானித்தது. வேறு எந்தச் சமிக்ஞையும் புதிதாகக் கொடுக்கப்படவில்லை.

இவை சவ்வில் எப்படி ஒட்டிக்கொள்கின்றன?

கொழுப்பு வால்களின் உதவியால். ரோ குடும்பத்தில் பெரும்பாலானவற்றின் கடைக்கோடியில் 20 கார்பன்கள் கொண்ட ஜெரானைல்ஜெரானைல் தொகுதி ஒன்று சேர்க்கப்படுகிறது. ராப் புரதங்களுக்குப் பொதுவாக இரண்டு. ஆர்ஃப் புரதங்களிலோ கொழுப்பு தொடக்க முனையில், 14 கார்பன் மிரிஸ்டோயில் வடிவில் இருக்கிறது. முப்பாஸ்பேட் ஏறியவுடன் அந்த முனை வெளியே நீண்டு சவ்வுக்குள் செருகிக்கொள்கிறது. ரோ, ராப் இரண்டுக்கும் ஜிடிஐ என்னும் மூன்றாவது வகைத் துணைப் புரதம் உண்டு. அது கொழுப்பு வாலைத் தன் குழிக்குள் ஒளித்து, ஓய்வுநிலைப் புரதத்தைச் சவ்விலிருந்து பிரித்தெடுத்துச் சைட்டோபிளாசத்தில் மிதக்க வைக்கிறது. ராப் புரதங்களை வால் சேர்க்கும் நொதியிடம் அழைத்துச்செல்லும் ரெப்1 என்னும் புரதம் பழுதானால், கோராய்டெரீமியா என்னும் மரபுநோய் ஏற்பட்டு விழித்திரை படிப்படியாகச் சிதைகிறது.

ரோ குடும்பத்தின் ரோ, ராக், சிடிசி42 ஆகிய மூன்றும் ஆக்டினை எவ்வாறு மாற்றியமைக்கின்றன?

இதன் அடித்தளம் 1992-இல் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் லண்டனில் செய்த சோதனைகளில் இருக்கிறது. சீரம் இன்றிப் பட்டினி போடப்பட்ட சுவிஸ் 3டி3 ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களில் தடித்த ஆக்டின் கற்றைகள் ஏறக்குறைய மறைந்துவிடும். அத்தகைய உயிரணுவுக்குள் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் ரோ புரதத்தைச் செலுத்திச் சிறிது நேரம் கழித்து, ஆக்டினில் ஒட்டி ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தபோது, உயிரணுவின் குறுக்கே இணையான அழுத்த இழைகளும், அவை முடியும் இடங்களில் தரையைப் பற்றும் ஒட்டுப்புள்ளிகளும் புதிதாகத் தோன்றியிருந்தன. ராக் புரதத்தைச் செலுத்தியபோது அத்தகைய இழைகளுக்குப் பதிலாக ஓரச் சவ்வு அலையலையாய் மடிந்து எழுந்தது. 1995-இல் மூன்றாவதான சிடிசி42, விரல்போல நீளும் மெல்லிய நீட்சிகளை உண்டாக்குவது தெரியவந்தது. ஒரே அளவுள்ள, அமைப்பிலும் நெருங்கிய மூன்று புரதங்கள் ஒரே உயிரணுவில் மூன்று வடிவங்களைப் படைக்கின்றன என்ற கண்டுபிடிப்பு இத்துறையின் போக்கையே மாற்றியது.

இவற்றுக்கு அடியில் இருக்கும் வேதியியல் பின்னர் ஒவ்வொன்றாகத் தெளிவானது. வேவ் என்னும் ஐந்து புரதக் கூட்டமைப்பை ராக் விழிப்பிக்கிறது. அது ஆர்ப்2/3 கூட்டமைப்பைத் தூண்ட, ஏற்கெனவே இருக்கும் ஆக்டின் இழையின் பக்கவாட்டில் சுமார் 70 பாகைக் கோணத்தில் புதிய கிளை முளைக்கிறது. கிளைமேல் கிளையாக அடர்ந்த வலை ஓரச் சவ்வைத் தள்ளுகிறது. சிடிசி42, தன்னையே மடித்துப் பூட்டிக்கொண்டிருக்கும் வாஸ்ப் வகைப் புரதங்களைத் திறந்து அதே ஆர்ப்2/3-ஐத் தூண்டுகிறது. ஃபார்மின் வகைப் புரதங்களையும் பயன்படுத்துகிறது. ரோவுக்கு இரண்டு முக்கியக் கைகள் உண்டு. டயா என்னும் ஃபார்மின் கிளையில்லாத நீண்ட இழைகளை வளர்க்கிறது. ராக் என்று ஒலிக்கும் பெயரையே உடைய, ஆனால் மேலே சொன்ன ராக்குடன் குழப்பிக்கொள்ளக் கூடாத ரோ-கைனேஸ் என்னும் நொதி, மையோசினின் பாஸ்பேட்டை நீக்கும் மற்றொரு நொதியை முடக்கிவிடுவதால், மையோசின் செயல்நிலையிலேயே நீடித்து இழைகளை இழுத்துச் சுருக்குகிறது. இரண்டு கைகளும் சேர்ந்தால்தான் முறையான அழுத்த இழை அமையும்.

நகரும் உயிரணுவில் 'முன்னால் ராக், பின்னால் ரோ' என்ற விளக்கம் சரியா?

முதல் பாடத்துக்குச் சரி, அதற்குமேல் போதாது. ராக்கும் ரோவும் ஒன்றையொன்று அடக்கும் வழிகள் பல உண்டு என்பதும், பின்பகுதி சுருங்க ரோ தேவை என்பதும் உண்மை. எனினும் 2009-இல், ஜிடிபேஸ்கள் செயல்நிலை அடையும்போது ஒளிர்வின் நிறவிகிதம் மாறுமாறு வடிவமைத்த உணர்விகளைக் கொண்டு ஓரச் சவ்வை நுணுகிப் பார்த்தபோது, முன்னோரம் நீளும் அதே கணத்தில் அந்த ஓரத்திலேயே ரோஏ செயல்நிலையில் இருந்தது. சிடிசி42-உம் ராக்1-உம் விளிம்புக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் பின்னால், சுமார் 40 விநாடி தாமதத்துடன்தான் செயல்பட்டன. அதாவது, முன்னோரத்தில் ரோ இல்லை என்பதன்று. அங்கு மூன்றும் சில மைக்ரோமீட்டர், சில பத்து விநாடி இடைவெளிகளில் முறைவைத்து இயங்குகின்றன. உயிரணுக்களை நிலைப்படுத்தி எடுத்த படத்திலிருந்து இந்த வரிசையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

நுண்குழல்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஜெஃப்-எச்1 என்னும் புரதம் நுண்குழல்களில் ஒட்டியிருக்கும்வரை செயலற்றிருக்கும். நுண்குழல்கள் கலைந்தால் அது விடுபட்டு ரோஏ-வைத் தூண்டுகிறது; நுண்குழல்களைக் கலைக்கும் நோக்கோடசோல் மருந்தை இட்டவுடன் உயிரணுக்கள் சுருங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ராப் புரதங்கள் சவ்வுப் போக்குவரத்தில் என்ன செய்கின்றன?

வெசிக்கிள் எனப்படும் நுண்பை ஒன்று எங்கு செல்லவேண்டும், எதன்மீது ஏறிச் செல்லவேண்டும், சேரும் சவ்வை எப்படிப் பற்றவேண்டும் என்பவற்றை ஒழுங்குபடுத்துகின்றன. 1987-இல் ஈஸ்ட்டில் செக்4 புரதம் சிறு ஜிடிபேஸ் என்று தெரியவந்தது. அது பழுதான ஈஸ்ட் உயிரணுக்களில் சுரப்பு நுண்பைகள் வெளிச்சவ்வோடு இணைய முடியாமல் உள்ளேயே குவிந்துவிடுகின்றன. மனிதரில் 60-க்கும் மேற்பட்ட ராப்கள் வெவ்வேறு சவ்வறைகளில் அமர்ந்துள்ளன: எண்டோபிளாச வலைப்பின்னலுக்கும் கோல்கிக்கும் இடையே ராப்1, உயிரணு உள்ளிழுத்த பொருள்கள் வந்துசேரும் பையான தொடக்கநிலை எண்டோசோமில் ராப்5, பிந்தைய எண்டோசோமில் ராப்7, மறுசுழற்சி எண்டோசோமில் ராப்11.

ஒரு ராப் எப்படித் தனக்கென ஓர் இடத்தை உருவாக்குகிறது என்பதற்கு ராப்5-ஐப் பார்ப்பது நல்லது. அதன் ஜெஃபான ராபெக்ஸ்5, ராபாப்டின்5 என்னும் புரதத்தோடு கூட்டாக இருக்கிறது. ராபாப்டின்5 செயல்நிலை ராப்5-இன் இலக்குப் புரதம். எனவே தூண்டப்பட்ட ஒவ்வொரு ராப்5-உம் தன் அருகே மேலும் ராப்5-களைத் தூண்டும் ஜெஃபை வரவழைக்கிறது. கூடவே பாஸ்பாட்டிடைலினோசிட்டால் 3-பாஸ்பேட் என்னும் கொழுப்பைத் தயாரிக்கும் நொதியையும் அது அழைக்கிறது. இஇஏ1 என்னும் நீண்ட இழைப் புரதம் அந்தக் கொழுப்பையும் ராப்5-ஐயும் சேர்த்தே பற்றுவதால், இரண்டும் ஒருங்கே இருக்கும் சவ்வை மட்டுமே அது உறுதியாகப் பிடிக்கும். பின்னர் மோன்1-சிசிஇசட்1 கூட்டமைப்பு வந்து ராபெக்ஸ்5-ஐ அகற்றி ராப்7-ஐத் தூண்டுகிறது. ஓர் எண்டோசோமின் மேலிருந்து ராப்5 கரைந்துபோக, அதே எண்டோசோமின்மேல் ராப்7 பெருகுவதை 2005-இல் உயிருள்ள செல்களில் நேரடியாகப் படம்பிடித்தார்கள். சரக்கு வேறொரு பைக்கு மாற்றப்படவில்லை. பையே அடையாளம் மாறி லைசோசோமை நோக்கிப் போகிறது.

நுண்பை முதலில் உருவாவது எப்படி?

சவ்வின்மேல் கவசப் புரதங்கள் படிந்து அதை வளைப்பதால். எண்டோபிளாச வலைப்பின்னலில் சார்1 என்னும் ஜிடிபேஸ் காப்2 கவசத்தையும், கோல்கியில் ஆர்ஃப்1 காப்1 கவசத்தையும் வரவழைக்கின்றன. காப்2 கவசத்தின் உறுப்பான செக்23 தானே சார்1-க்கான கேப் ஆகவும் இருப்பது கவனிக்கத்தக்கது: கவசத்தைக் கட்டும் புரதமே அதைக் கலைக்கும் கடிகாரத்தையும் உடன் கொண்டுவருகிறது. முப்பாஸ்பேட் வெட்டப்பட்டால்தான் கவசம் நீங்கும். கவசம் நீங்கினால்தான் நுண்பை அடுத்த சவ்வோடு இணையும். பூஞ்சைகள் உண்டாக்கும் பிரெஃபெல்டின் ஏ என்னும் பொருள், ஆர்ஃப்1-உம் அதன் ஜெஃபும் சேர்ந்திருக்கும் இடைவெளியில் புகுந்து இரண்டையும் பிரியவிடாமல் நிறுத்திவிடும். அப்போது சில நிமிடங்களிலேயே கோல்கி கலைந்து எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் கலந்துவிடுகிறது.

அப்படியானால் செல்சட்டகமும் சவ்வுப் போக்குவரத்தும் தனித்தனி இயக்கங்களா?

இல்லை; அவற்றைத் தனி அத்தியாயங்களாகப் படிப்பது நம் வசதிக்காகவே. தோலின் நிறமி உயிரணுவை எடுத்துக்கொள்வோம். நிறமி நிறைந்த மெலனோசோம்கள் உயிரணுவின் ஓரத்தில் ஆக்டின் வலையில் தங்கவேண்டும். அதற்கு மெலனோசோமின்மேல் ராப்27ஏ, அதைப் பற்றும் மெலனோஃபிலின், அதைப் பற்றியபடி ஆக்டின்மேல் நடக்கும் மையோசின் 5ஏ என மூன்று கண்ணிகள் தேவை. எந்தக் கண்ணி அறுந்தாலும் மெலனோசோம்கள் உட்கருவைச் சுற்றியே தேங்கி, முடி வெள்ளிச் சாம்பல் நிறமாகிவிடும். இதுவே கிரிசெல்லி நோய்க்குறி. மெலனோஃபிலின் பழுதானால் நிறக்குறைவோடு நின்றுவிடுகிறது. மையோசின் 5ஏ பழுதானால் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படுகிறது. ராப்27ஏ பழுதானால் நோய்த்தடுப்பே குலைகிறது, ஏனெனில் தொற்றுக்குள்ளான உயிரணுக்களைக் கொல்லும் டி செல்கள் தம் நச்சுத் துகள்களை வெளியேற்றவும் அதே ராப்27ஏ வேண்டும். ஒரே நிறமாற்றம், மூன்று மரபணுக்கள், மூன்று விதமான உடல்நிலை; எந்தப் புரதம் வேறு எங்கெல்லாம் வேலை செய்கிறது என்பதை நோயாளியின் உடலே பிரித்துக் காட்டுகிறது.

எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு. சில உயிரணுக்களில் ராக், ராப்5-இன் துணையோடு தொடக்கநிலை எண்டோசோமின்மேல் தூண்டப்பட்டு, ஆர்ஃப்6-இன் துணையோடு வெளிச்சவ்வின் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுவரப்படுவது 2008-இல் காட்டப்பட்டது. ஊர்தலுக்கான ஆக்டின் வலை எங்கு முளைக்கவேண்டும் என்பதை அங்கே சவ்வுப் போக்குவரத்துத்தான் முடிவு செய்கிறது.

எப்போதும் செயல்நிலையில் இருக்கும் சடுதிமாற்றம் வேலையை விரைவுபடுத்துமா?

பெரும்பாலும் இல்லை. முப்பாஸ்பேட்டை வெட்ட முடியாத ஆர்ஃப்1 கவசத்தைக் கழற்ற விடாது, போக்குவரத்து நின்றுவிடும். முப்பாஸ்பேட்டை வெட்ட முடியாத ராப்5 எண்டோசோம்களை அளவுக்கு மீறி ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய பைகளாக்கிவிடும். இவற்றின் பணி சுழற்சியில் இருக்கிறது. ஆகவே நிரந்தரச் செயல்நிலை வடிவத்தை மட்டும் செலுத்திச் செய்த சோதனையின் முடிவை இயல்பான பணி என்று எடுத்துக்கொள்ளும்முன் நிதானிக்கவேண்டும்.

நோய்க்கிருமிகள் ஏன் இப்புரதங்களைக் குறிவைக்கின்றன?

ஒன்றைப் பிடித்தால் உயிரணுவின் வடிவமும் போக்குவரத்தும் கைக்கு வரும் என்பதால். குடலழற்சியை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் நஞ்சுகள், ரோ குடும்பப் புரதங்களின் முதல் சுவிட்ச் பகுதித் திரியோனினில் குளுக்கோஸை ஒட்டி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. உயிரணு உருண்டு சுருங்கிவிடுகிறது. சால்மோனெல்லா கையாளும் முறை இன்னும் நுட்பமானது. அது சோப்-இ என்னும் புரதத்தைச் செலுத்தி ராக்கையும் சிடிசி42-ஐயும் தூண்டி, சவ்வைப் புடைக்கச் செய்து உள்ளே நுழைகிறது. பின்பு எஸ்பிடிபி என்னும் புரதத்தால் அவற்றை அணைத்து, சவ்வைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. முன்னது ஜெஃபைப் போலவும் பின்னது கேப்பைப் போலவும் வேலை செய்கின்றன. லெஜியோனெல்லா ராப்1-ஐக் கைப்பற்றி, தான் வாழும் பைக்கு எண்டோபிளாச வலைப்பின்னலின் நுண்பைகளை வரவழைத்துக்கொள்கிறது.

இவற்றுக்கு எதிரான மருந்துகள் உள்ளனவா?

நேரடி மருந்துகள் மிக அரிது. குழியில் முப்பாஸ்பேட் அத்தனை இறுக்கமாகப் பிணைவதாலும், உயிரணுவில் அது நிறைந்திருப்பதாலும், போட்டியிட்டு அதை வெளியேற்றும் மருந்தைச் செய்வது கடினம். புரதத்தின் மற்ற மேற்பரப்பிலும் மருந்து பிடித்துக்கொள்ள ஆழமான குழிகள் குறைவு. ராஸ் குடும்பத்தில் இந்தத் தடை உடைந்தது. கேராஸ் புரதத்தின் 12-ஆம் இடத்தில் கிளைசீனுக்குப் பதிலாக சிஸ்டீன் வந்துள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு, அந்த சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணையும் சோட்டோராசிப் 2021-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இம்மருந்து இருபாஸ்பேட் நிலையிலுள்ள புரதத்தைத்தான் பிடித்து நிறுத்துகிறது; சடுதிமாற்றமடைந்த கேராஸும் அவ்வப்போது ஓய்வுநிலைக்கு வந்துபோவதால்தான் அதற்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

ரோ பாதையில் வெற்றி கண்டவை ஜிடிபேஸை விடுத்து அதன் இலக்கான ரோ-கைனேஸை அடக்கும் மருந்துகள். ஃபாசுடில் 1995 முதல் ஜப்பானில் மூளை இரத்தக்கசிவுக்குப் பிந்தைய இரத்தக்குழாய் இறுக்கத்துக்குப் பயன்படுகிறது. கண் அழுத்த நோய்க்கு ரிபாசுடில் 2014-இல் ஜப்பானிலும், நெட்டார்சுடில் 2017-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றன. கண்ணின் முன்னறைத் திரவம் வடியும் சல்லடைத் திசுவின் உயிரணுக்களில் ரோ வளர்த்த அழுத்த இழைகளை இவை தளர்த்துகின்றன. திசு நெகிழ்ந்து திரவம் கூடுதலாக வடிய, கண்ணின் உள்ளழுத்தம் குறைகிறது.